பழைய ரேவா வாங்கப் போகிறீர்களா? சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் பழைய ரேவா மின்சாரக் கார் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அப்படித் தேடிப்போய்த்தான் 95,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். அடுத்தவருக்கும் இது நடக்கக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அந்தக் கார் மேல் எனக்குப் பல வருட ஆசை. 2001ல், மின்சாரக் கார் என்ற பேச்சே இங்கே இல்லாதபோது, பொறியாளர் சேத்தன் மைனியின் குழு இதே ஊரில் அதைச் செய்து ரோட்டில் விட்டது. நீளம் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்காரலாம். வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கே சார்ஜுக்குப் போதும். லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. அங்கே நகர மையத்துக்குள் நுழைய மற்ற கார்கள் கட்டிய நெரிசல் கட்டணம் அன்று இதற்கு இருக்கவில்லை. இருபது வருடம் கழித்து எல்லோரும் பேசுவதை அந்தச் சின்ன வண்டி அன்றே செய்துகாட்டியது. 2012ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆக, இன்று கிடைப்பது எதுவானாலும் பத்து வருடத்துக்கு மேல் பழையது.

எனக்கு விற்ற புரோக்கர் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர். தமிழில் பேசினார், "அண்ணா, எட்டு பேட்டரியும் போன மாசம் மாத்தினது, கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார். மீட்டரில் சார்ஜ் முழுசாகக் காட்டியது. அவர் வீட்டைச் சுற்றிச் சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது. ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி இருந்தது. படித்தும் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அல்சூரிலிருந்து பசவனகுடி தொட்ட கணபதி கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போது ரிச்மண்ட் சர்க்கிள் மேம்பாலத்தில் ஏறுகையில், பாதியில் இருந்த முள் ஒரே நிமிஷத்தில் கீழே விழுந்தது. வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, எழுபத்தொரு வயது அம்மா பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். அவர்களுக்கு இன்னமும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேட்டரி மெக்கானிக் ஒருவர் வந்து முன் சீட்டுகளைத் தூக்கினார். அடியில்தான் இந்த வண்டியின் உயிரே இருக்கிறது: 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி எட்டு, வரிசையாக இணைத்து 48 வோல்ட். இரண்டு மட்டும் புதியவை, பார்வைக்குத் தெரிகிற ஓரத்தில். மற்ற ஆறின் மேல் புது ஸ்டிக்கர், தேதி பொறித்த இடத்தில் உப்புத்தாள் தேய்த்த தடம். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாமே 6.3 வோல்ட் காட்டின. பேட்டரிக்குச் சுமை கொடுத்து அளக்கும் லோடு டெஸ்டர் வைத்ததும் மூன்று பேட்டரி 4.5க்கு இறங்கிவிட்டன. 5.25க்குக் கீழே போனாலே தீர்ந்தது என்று கணக்கு. எட்டு மாடு பூட்டிய வண்டியில் மூன்று படுத்துக்கொண்டால் மற்ற ஐந்தும் அவற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதனால் அந்தப் புது இரண்டும் சீக்கிரம் கெட்டுவிடும் என்றார். எட்டையும் ஒன்றாக மாற்ற எண்பதாயிரத்துக்கு மேல் ஆகும்.

புரோக்கருக்குப் போன் செய்தேன். "பேட்டரிக்கு யாருண்ணா கேரண்டி தருவாங்க?" என்றார். பிறகு எடுக்கவே இல்லை. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்தேன். பதிந்த பிறகு ஒரு நாள் அவரே வந்து 15,000 கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் கிடைத்தது. புது பேட்டரி என்று அவர் சொன்னதை வாட்ஸப்பில் எழுதி வாங்கியிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கலாம்.

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. தள்ளிவிட்ட ஆட்டோக்காரர்களில் ஒருவர், "கரண்ட் வண்டின்னாலே இப்படித்தான் சார்" என்றார். வண்டி அப்படிப்பட்டது இல்லை. மோட்டாரும் சேஸியும் இன்றும் நன்றாக இருக்கின்றன என்று மெக்கானிக்கே சொன்னார்.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். எட்டு பேட்டரியும் ஒரே கம்பெனி, ஒரே தேதியா என்று பாருங்கள். சார்ஜர் கழற்றி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, லோடு வைத்து ஒவ்வொன்றாக அளக்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், அவர் கூலி ஐந்நூறோ ஆயிரமோதான். மூடிகளைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரிந்த பேட்டரியில் நேற்று டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியிருந்தாலும் அது தேறாது. அப்புறம், இருபது கிலோமீட்டராவது நீங்களே ஓட்டுங்கள், அதில் ஒரு மேம்பாலம் கட்டாயம் இருக்கட்டும்.

போன வாரம் அதே புரோக்கர் ஒரு வெள்ளை நிற ரேவாவுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். எட்டு பேட்டரியும் புதுசு என்றுதான் அதிலும் இருக்கிறது.