கடல் கடந்த மரதனை வன்னியிலிருந்து பின்தொடர்தல்: செயலியா, இருப்பிடப் பகிர்வா, நேரலையா?

ஏப்ரல் மாதத்தில் லண்டன் மரதன் ஓட்டத்தின் பெருந்திரள் புறப்படும்போது வன்னியில் பிற்பகல் இரண்டு மணி கடந்திருக்கும். ரொறன்ரோவில் காலையில் தொடங்கும் ஓட்டம் நமக்கு மாலை மங்கும் நேரத்தில் வரும். முள்ளியவளையிலும் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்து புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது இந்த ஓட்டங்களில் பெருமளவில் பங்குகொள்வதால், அவர்கள் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிய ஊரிலுள்ள உறவினர்கள் கைத்தொலைபேசியைச் சுற்றிக் கூடுவது வழமையாகிவிட்டது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. அவை போட்டி ஏற்பாட்டாளர்களின் செயலி, ஓடுபவர் தன் தொலைபேசியிலிருந்து பகிரும் இருப்பிடம், காணொளி நேரலை என்பனவாகும். எந்த வழி உண்மையைச் சொல்கிறது, எது வீட்டிலிருப்பவரை வீணாகக் கலங்க வைக்கிறது என்பதே என் அக்கறை.

ஏற்பாட்டாளர்களின் செயலியில் நாம் காணும் இரண்டு தகவல்களும், அதாவது பதிவான நேரமும் வரைபடத்தில் நகரும் புள்ளியும், ஒரே தரமானவை அல்ல. ஓடுபவர் நெஞ்சில் குத்தியிருக்கும் இலக்க அட்டையின் பின்புறத்திலோ சப்பாத்திலோ ஒரு சிறிய சிப் இருக்கும். அதற்குள் மின்கலம் கிடையாது. பாதையின் குறுக்கே விரிக்கப்பட்ட பாயை அவர் கடக்கும்போது, பாயிலுள்ள அலைவாங்கி அனுப்பும் வானொலி அலையில் அது உயிர்பெற்று, தன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்கிறது. பெரிய மரதன்களில் இந்தப் பாய்கள் பொதுவாக ஐந்து கிலோமீற்றருக்கு ஒன்றாகவும், பாதித் தூரமான 21.1 கிலோமீற்றரிலும், முடிவுக் கோட்டிலும் இருக்கும். அங்கே பதிவாகும் நேரம் உறுதியானது. ஆனால் இரண்டு பாய்களுக்கிடையே வரைபடத்தில் ஊர்ந்து செல்லும் புள்ளி அப்படியானதல்ல. கடைசிப் பாய் வரை அவர் ஓடிய வேகத்தைக் கொண்டு, இந்நேரம் இங்கே இருக்கக்கூடும் என்று செயலி போடும் கணக்கே அந்தப் புள்ளி. ஓடுபவர் தண்ணீர் வாங்க நின்றாலும், கால் பிடித்து நடந்தாலும், புள்ளி பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். பின்னர் பல செயலிகளில் அது அடுத்த பாயை அண்டி அசையாமல் நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் வீட்டிலிருப்பவர்கள் பதறுகிறார்கள். என் அக்காவின் மகள் ஓடிய அன்று, 35 கிலோமீற்றர் பாய்க்குச் சற்று முன்னே புள்ளி நின்றவுடன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஏலாமல் போட்டுதோ, தம்பி?" என்று கேட்டார். பிள்ளை நடந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். நின்ற புள்ளிக்கு, செயலி மதிப்பிட்ட நேரத்தைவிட அவள் மெதுவாக வருகிறாள் என்பது மட்டுமே பொருள். ஒரு பாயில் சிப் பதிவாகாமல் தவறிப்போவதும், பதிவு வந்துசேரச் சுணங்குவதும் உண்டு. ஆகவே ஒரு பாயில் நேரம் வராவிட்டால் அடுத்த பாய் வரை பொறுத்திருப்பதே சரி.

செயலி சொல்லும் முடிவு நேரத்தையும் அப்படியே நம்பக்கூடாது. ஒருவர் 30 கிலோமீற்றரை 3 மணி 12 நிமிடத்தில் கடந்தால், அதுவரையான சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் செயலி 42.195 கிலோமீற்றருக்கு 4 மணி 30 நிமிடம் என்று காட்டும். ஆனால் அவர் 25 இலிருந்து 30 வரையான ஐந்து கிலோமீற்றருக்கு 36 நிமிடம் எடுத்திருந்தால், அந்த வேகத்தில் எஞ்சிய தூரத்துக்கு ஏறத்தாழ 88 நிமிடம் செல்லும். முடிவு நேரம் 4 மணி 40 நிமிடத்தை நெருங்கிவிடும். பெரும்பாலானவர்கள் தளர்வது 30 கிலோமீற்றருக்குப் பின்னர்தான் என்பதால், கடைசி ஐந்து கிலோமீற்றரின் நேரத்தை எடுத்து நாமே ஒரு தாளில் கணக்குப் போடுவது செயலியின் மதிப்பீட்டைவிட நெருக்கமாக வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லண்டனில் மக்கள் அணியணியாக ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகப் புறப்படுவார்கள். தொடக்கப் பாயைக் கடந்த பின்னரே அவரவருக்கான நேரம் ஓடத் தொடங்கும் என்பதால், முதல் அணி புறப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுபவர்கள் பிள்ளை மிகவும் பின்தங்கிவிட்டாள் என்று காரணமின்றிக் கவலைப்படுவார்கள்.

வாட்ஸ்அப்பின் நேரடி இருப்பிடப் பகிர்வு நம்மவர்களுக்குக் கைவந்தது. புதிய செயலி எதையும் இறக்கத் தேவையில்லை. அதில் தெரியும் புள்ளி உண்மையில் தொலைபேசி இருக்கும் இடம். கணித்துப் போட்ட புள்ளியல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே அது மேலானது என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லண்டன் ஓட்டப் பாதையில் வரும் கனரி வோர்ஃப் பகுதியின் உயர்ந்த கட்டடங்களில் செய்மதி அலைகள் பட்டுத் தெறிப்பதால், சுமார் 30 கிலோமீற்றரில் அங்கே ஓடுபவரின் புள்ளி பக்கத்து நீர்நிலைக்குள் நீந்துவதுபோலத் தோன்றும். முடிவை நெருங்கும்போது வரும் பிளாக்ஃபிரையர்ஸ் சுரங்கப்பாதையில் அலையே கிடைக்காது. பல்லாயிரம் தொலைபேசிகள் ஒரே இடத்தில் குவியும்போது வலையமைப்பும் திணறும். அத்துடன் இது கிலோமீற்றர் வாரியான நேரத்தைத் தருவதில்லை. இடத்தை மட்டுமே காட்டும். பகிர்வுக்கான கால அளவு 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என மூன்றே. தொடக்க இடத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் 8 மணித்தியாலத்தைத் தவிர வேறெதுவும் உதவாது. அவ்வளவு நேரமும் ஓடுபவர் தொலைபேசியை இடுப்பில் சுமக்க வேண்டும், மின்கலமும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் பீக்கன், கார்மின் கைக்கடிகாரங்களின் லைவ்ட்ராக் ஆகிய இருப்பிடப் பகிர்வு வசதிகள் ஓடிய பாதையையும் வேகத்தையும் சேர்த்துக் காட்டுவதால் இதைவிடச் சிறந்தவை. எனினும் பெரும்பாலான கடிகாரங்களுக்குத் தொலைபேசியும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டியவுடன் நிலைமை தலைகீழாகிறது. செயலியின் வேலை அங்கே முடிந்துவிடும். களைத்துப்போன பிள்ளையைக் கூட்டத்துக்குள் கண்டுபிடிக்க, அங்கே காத்திருக்கும் உறவினருக்கு இருப்பிடப் பகிர்வே உதவும்.

நேரலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது முன்னணி வீரர்களுக்கானது. நான்கரை மணித்தியாலத்தில் ஓடும் நம் பிள்ளையை அதில் தேடுவது வீண். டேட்டாவும் விரைவாகத் தீர்ந்துவிடும். பிபிசியின் காணொளித் தளமான ஐபிளேயர் பிரித்தானியாவுக்கு வெளியே இயங்காது.

டேட்டாவைப் பொறுத்தவரை சிக்கனமானது செயலியின் நேரப் பட்டியலே. வரைபடத்தைத் திறக்காமல் பட்டியலையும் அறிவித்தல்களையும் மட்டும் பார்த்தால், சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் வீட்டிலும் வேலை நடக்கும். எங்கள் வீட்டில் நடுக்கூடத்தில் எதுவும் வராது, கிணற்றடிக்குப் போனால் வரும். அங்கேயும் வரைபடம் பாதியில் சாம்பல் நிறமாக நிற்க, 35 கிலோமீற்றர் நேரம் மட்டும் ஒற்றை வரியாக வந்து விழுந்தது. ஆகவே ஓட்டத்தின்போது செயலியின் நேரப் பட்டியல், முடிந்த பின்னர் வாட்ஸ்அப் இருப்பிடம் என்பதே என் தெரிவு. முதல்நாள் இரவே பிள்ளையிடம் இலக்கத்தையும் புறப்படும் அணியின் நேரத்தையும் கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் வீதி மரதன்களுக்கு இந்தத் தெரிவு பொருந்தாது. அங்கே சிப்பும் இல்லை, பாயும் இல்லை. முன்னால் செல்லும் மோட்டார் சைக்கிளில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் இருப்பிடம் பகிர்வது நல்லதுதான். ஆனால் அது முதலாவதாக ஓடுபவரை மட்டுமே காட்டும். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியைப் போன்ற காட்டுத் துண்டுகளில் சிக்னலை நம்பவும் முடியாது. அதைவிட, சிக்னல் கிடைக்கும் சந்திகளில் ஒவ்வொருவரை நிறுத்தி, கடந்து செல்லும் பிள்ளைகளின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதிக் கழகத்தின் குழுவுக்கு அனுப்பச் செய்தால், கடைசியாக ஓடிவரும் பிள்ளையின் தாயும் அவன் எந்தச் சந்தியைத் தாண்டிவிட்டான் என்பதை வீட்டிலிருந்தே அறிந்துகொள்வார்.