கெடு வைத்த கன்சென்டா, காலாவதி இல்லாத அனுமதியா?

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் தந்த கன்சென்ட், அதாவது கழிவுநீர் விடுவதற்கான அனுமதி, ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. 'கழிவுநீர் விடும் இடம்: சொந்தத் தோட்டம்' என்கிறது அது. பின்னால் போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் பாதியை விற்றாகிவிட்டது, குழாயின் வாய் ஓடைப் பக்கம் திரும்பியிருக்கிறது. கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு வருசம் இருக்குல்லா சாரே, பின்ன என்ன?" என்றார் முதலாளி.

பின்ன என்னவா? பொது வரையறைப்படி பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆற்றிலோ ஓடையிலோ விட்டால் 30தான். மிதக்கும் துகளுக்கு நிலத்தில் 200, ஓடையில் 100. நேற்று வரை சட்டத்துக்குள் இருந்த தண்ணீர், குழாய் திரும்பிய அன்றே வெளியே போய்விட்டது. கன்சென்டின் தேதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைப் பிடிக்க எந்த ஏற்பாடு நல்லது? நம்முடையது கெடு வைத்த முறை. 1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் கன்சென்ட் வாங்க வேண்டும், காலம் முடிவதற்குள் ரினீவலுக்குப் போட வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக அனுமதிக்கு முடிவுத் தேதியே கிடையாது. ஒழுங்குமுறை அமைப்பு அவ்வப்போது எடுத்துப் பார்த்து நிபந்தனைகளை மாற்றும். அமெரிக்கா இடையில் நிற்கிறது: அதிகபட்சம் 5 ஆண்டு, முடிவதற்கு 180 நாள் முன்பே விண்ணப்பம். சரியான நேரத்தில் விண்ணப்பித்தும் அலுவலகம் கைவைக்காவிட்டால் பழைய அனுமதியே தொடரும். இப்படி இழுத்துக்கொண்டு போகும் பழைய அனுமதிகள் அங்கே தீராத தலைவலி. பெயருக்குக் கெடு, நடப்பில் காலாவதியின்மை என்று ஆகிவிடுகிறது.

காலாவதி இல்லாத முறையில் ஒரு வசதி உண்டு. ஆலைக்காரர் ஒவ்வொரு முறையும் அதே வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம், அதிகாரிகளும் பிரச்சினை உள்ள இடத்தில் நேரத்தைச் செலவிடலாம். ஆனால் எடுத்துப் பார்க்க ஆள் வேண்டுமே! ஆள் குறைந்தால் கோப்பு தூங்கும், அதைத் தட்டி எழுப்பத் தேதி என்று ஒன்று இருக்காது. அதனால் என் ஓட்டு கெடுவுக்குத்தான். ரினீவல் என்று வந்தாலாவது ஒருவர் ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) வரை நடந்து போவார்.

என்றாலும் அவர் எந்த மாதம் நடந்து போகிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரப்பர் பாலில் ரப்பர் ஏறக்குறைய 30 சதவீதம். இயந்திரத்தில் சுழற்றி 60 சதவீதமாக்குகிறார்கள். ஒதுங்கும் நீர்த்த பாலான ஸ்கிம்மிலும் கொஞ்சம் ரப்பர் மிச்சம் இருப்பதால் கந்தக அமிலம் ஊற்றித் திரட்டி எடுப்பார்கள். பால் கெடாமலிருக்கச் சேர்த்த அமோனியாவும் இந்த அமிலமும் சேர்ந்து கழிவுத் தொட்டிக்கு வருகின்றன. பிப்ரவரியில் இலை உதிர்ந்து பால்வெட்டு குறையும்போது மாதிரி எடுத்தால் அறிக்கை அழகாக வரும். மழை ஓய்ந்து பால் பெருகும் மாதங்களில் அதே தொட்டிக்குப் பல மடங்கு வரும். கழிவுநீரில் மிஞ்சிய ரப்பரைப் பிடிக்கும் 'ரப்பர் டிராப்' தொட்டியில் வெள்ளை ஆடை கட்டி, வாசலிலேயே கண் எரியும். கன்சென்டில் எழுதிய தினசரி அளவு இந்த நாளுக்கானதா, பிப்ரவரிக்கானதா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு மட்டும்தான் அது. ஒரு தொழிலுக்குச் சிறந்த நுட்பம் எது என்ற புதிய முடிவு வெளியானால், அந்தத் தொழிலை முதன்மையாகச் செய்யும் ஆலைகளின் அனுமதியை 4 ஆண்டுக்குள் மறுபார்வை செய்தாக வேண்டும். காலண்டரைப் பார்க்காமல், மாற்றத்தைப் பார்த்துக் கோப்பைத் திறக்கும் ஏற்பாடு.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 27ஆம் பிரிவின்படி வாரியம் எப்போது வேண்டுமானாலும் நிபந்தனைகளை மறுபார்வை செய்யலாம், மாற்றலாம். ரினீவல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதிகம் பேசப்படாத பிரிவு இது. எல்லோருக்கும் 33ஏ தான் தெரியும், கரண்டை வெட்டச் சொல்வது அதில்தானே!

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் போகின்றன. வழியெல்லாம் ஊர். கொளச்சல் பக்கத்து மீன் பதப்படுத்தும் ஆலைக்குக் கடல் வரையறை, இந்தப் பக்கத்து ஆலைக்கு ஆற்று வரையறை. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே எண் மாறுகிறது.

அந்த முதலாளியிடம் இரண்டு வழி சொன்னேன். குழாயைத் திருப்பி, மீதித் தோட்டம் தாங்குகிற அளவுக்கு உற்பத்தியைக் குறைப்பது ஒன்று. ஓடைக்குரிய 30க்கு ஈ.டி.பி.யைப் பெரிதாக்கி, திருத்திய கன்சென்டுக்கு விண்ணப்பிப்பது மற்றொன்று. கழிவுநீர் அளக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பாசி படிந்த கண்ணாடியைத் துடைத்தால், முள் ஓடவே இல்லை. முதல் செலவு அதற்குத்தான்.