மாட்டுரின் எழுதித் தரும் சிஐ கோப்பு: இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் சின்ன நிரல் நூலகம் ஒன்றை ரஸ்ட் மொழியில் எழுதி, பைத்தானிலிருந்து அழைக்கும்படி வைத்திருக்கிறேன். 'கொ' என்ற ஒரே எழுத்து சில கோப்புகளில் இரண்டு யூனிகோடு குறிகளாகவும் சிலவற்றில் மூன்றாகவும் வந்து படுத்திய பாட்டில் பிறந்தது அது. நிரல் இருநூறு வரிதான். அதை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் நிறுவத் தயாரான பைத்தான் பொதியான வீலாகக் கட்டி, பைபிஐ என்ற பைத்தான் தொகுப்புக் கிடங்கில் ஏற்றுகிற யாம்ல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பும் ஏறக்குறைய அதே நீளம். அந்த யாம்லை நான் எழுதவில்லை. 2023 கடைசியில் 'மாட்டுரின் ஜெனரேட்-சிஐ கிட்ஹப்' என்று டெர்மினலில் அடித்தேன், வந்து விழுந்தது.

மாட்டுரின் என்பது ரஸ்ட் நிரலைப் பைத்தான் தொகுப்பாக்கும் கருவி. பழைய ஆட்களுக்கு பையோ3-பேக் என்ற பெயரில் தெரிந்திருக்கும். புதுத் திட்டம் தொடங்கும்போதே ஒரு சிஐ கோப்பையும் (நிரலைக் கிட்ஹப்பின் கணினிகளில் தானாகக் கட்டிச் சோதிக்கச் சொல்லும் யாம்ல்) அதுவே வைத்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்துக்குத்தான் இந்தத் தனிக் கட்டளை.

முதல் நாளே ஒரு சறுக்கல். கட்டளையின் வெளியீடு திரையில்தான் வரும், நாம்தான் கோப்புக்குத் திருப்ப வேண்டும். அன்று கையில் இருந்தது நண்பனின் விண்டோஸ் மடிக்கணினி. பவர்ஷெல்லில் வழக்கம்போல '>' போட்டேன். பழைய பவர்ஷெல் 5.1 அப்படித் திருப்பும்போது யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறிமுறையில் எழுதிவைக்கும். எடிட்டரில் திறந்தால் எல்லாம் சரியாகத் தெரிகிறது, சிஐ மட்டும் அசையவில்லை. '-ஓ' என்று கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொன்னால் அதுவே ஒழுங்காக எழுதிவிடும் என்பதை உதவிப் பக்கத்தைப் படித்தபிறகுதான் கண்டேன். அதை முதலிலேயே படித்திருக்கலாம்.

வந்த கோப்பு தாராளமானது. எக்ஸ்86, ஏஆர்எம் செயலிகளுக்கு மட்டுமல்ல, ஐபிஎம் மெயின்பிரேமுக்கான எஸ்390எக்ஸ் வரைக்கும் வீல் கட்டுகிறது. என் நூலகத்தை மெயின்பிரேமில் ஓட்டப்போகிற அந்தப் புண்ணியவானைப் பார்க்க எனக்கு ஆசை. வேண்டாத இயங்குதளங்களை '--பிளாட்ஃபார்ம்' மூலம் விலக்கலாம். நான் விலக்கவில்லை, சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சேர்த்தே ஆக வேண்டிய கொடி (கட்டளையோடு தரும் விருப்பச் சொல்) '--பைடெஸ்ட்'. அது இல்லாவிட்டால் வீல் கட்டுவதோடு வேலை முடிந்துவிடும், சோதனை நடக்காது. நான் லினக்ஸ்வாசி, என் கணினியில் எல்லாச் சோதனையும் பச்சை. சிஐயில் விண்டோஸ் மட்டும் சிவப்பு. காரணம் ஒரு புள்ளி, நம் மெய்யெழுத்தின் மேல் வைக்கிறோமே, அதே புள்ளி. யுடிஎஃப்-8இல் அதன் மூன்றாவது பைட் 8டி. சோதனைக்கான சொற்பட்டியலைத் திறக்கும்போது நான் குறிமுறையைச் சொல்லாமல் விட்டிருந்தேன். விண்டோஸில் பைத்தான் அதை 1252 குறிமுறை என்று எடுத்துக்கொண்டது. அந்தக் குறிமுறையின் அட்டவணையில் 8டி என்ற இடம் காலி, உடனே பிழை. 'க்' என்று ஒரு எழுத்து இருந்தால் போதும், விழுந்துவிடும். அந்த ஒரு கொடி இல்லையென்றால் இது எத்தனை நாள் என் கண்ணில் படாமல் இருந்திருக்கும் என்று தெரியாது.

அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கோப்பை நான் தொடவே இல்லை. 2025 பிப்ரவரியில் புதிய பதிப்புக்கு டேக் (பதிப்பு அடையாளம்) போட்டதும் எல்லா வேலையும் தொடங்கிய வேகத்தில் நின்றன. கட்டிய வீல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் துணைநிரலான ஆக்‌ஷனின் மூன்றாம் பதிப்புக்கு ஜனவரி 30 அன்றே மூடுவிழா நடந்திருந்தது. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. 3 இருந்த இடத்தில் 4 போட்டேன். இப்போது வேறு பிழை: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மூன்றாம் பதிப்பில் எல்லா வேலைகளும் 'வீல்ஸ்' என்ற ஒரே பெயரில் கொண்டுபோய்ப் போடலாம், நான்காவதில் ஆளுக்கொரு பெயர் வேண்டும். பெயரை மாற்றினால் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து ஏற்றும் இடத்திலும் மாற்ற வேண்டும்.

பாதி மாற்றிய பிறகுதான் கோப்பின் தலையில் இருக்கும் குறிப்பைப் பார்த்தேன். எந்தப் பதிப்பு இதை உருவாக்கியது, புதுப்பிக்க என்ன கட்டளை அடிக்க வேண்டும் என்று, நான் கொடுத்த கொடிகளோடு சேர்த்து அங்கேயே எழுதியிருக்கிறது. அடித்தேன். டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு) எடுத்துப் பார்த்தால் நான் கையால் மாற்றியதெல்லாம் போய் பழைய கோப்பே திரும்பி வந்திருக்கிறது! கோப்பின் வார்ப்பு கருவிக்குள்ளேயே இருக்கிறது. என்னிடம் இருந்ததோ 2023இன் மாட்டுரின். முதலில் அதைப் பைத்தான் நிறுவியான பிப்பில் புதுப்பித்துவிட்டு மறுபடி அடித்தேன். தளத்துக்கும் வன்பொருளுக்கும் தகுந்தபடி தனித்தனிப் பெயர்கள், மஸ்ல் என்ற சி நூலகத்தில் ஓடும் லினக்ஸுக்குப் புதிதாக ஒரு வேலை, எங்கே கட்டப்பட்டது என்பதற்கான சான்றொப்பம், எல்லாம் வந்தன. ஐந்து நிமிட வேலை.

ஒரு உறுத்தல் மட்டும் தீரவில்லை. மறுபடி உருவாக்கினால் நம் கைத்திருத்தம் எதுவும் மிஞ்சாது. பைபிஐக்கு டோக்கன் (ரகசியச் சாவி) இல்லாமல் ஏற்றும் 'நம்பகப் பதிப்பாளர்' முறைக்கு நான் மாறியிருந்தேன். கருவியின் கோப்போ டோக்கன் வரியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. அந்த முறையில் ஒர்க்ஃபுளோ (அதாவது இந்த சிஐ) கோப்பின் பெயரையும் பைபிஐ சரிபார்க்கும் என்பதால் அங்கேயும் மாற்றிப் பதியாமல் வேறு பெயருக்கு மாற்றித் தப்பிக்கவும் முடியாது. இப்போது நான் செய்வது: மாட்டுரினைப் புதுப்பிக்கிறேன், கோப்பை உருவாக்குகிறேன், 'கிட் ஆட் -பி' போட்டுத் துண்டு துண்டாகப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுக்கிறேன். வடிவச் சோதனை, ஆவணம் கட்டுவது போன்ற என் சொந்த வேலைகளுக்குத் தனி யாம்ல், அதைக் கருவி தொடாது.

ரஸ்ட் திட்டத்தின் கார்கோ கோப்பில், ஒரே வீலைப் பல பைத்தான் பதிப்புகளில் ஓட வைக்கும் ஏபிஐ3 வசதியைச் சேர்த்த அன்றும் இதே சடங்குதான். பைத்தான் பதிப்புக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்த வீல்கள் தளத்துக்கு ஒன்றாகச் சுருங்கின. டிஃப்பில் மாறியிருந்தது, எல்லா பைத்தானையும் தேடச் சொல்லும் ஒரே ஒரு கொடி, அது காணாமல் போயிருந்தது. எஸ்390எக்ஸ் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.