பார்க்கின்சன் ஆய்வுக்கு ஒரே ஒரு ஆன்டிபாடி வாங்கக் காசு இருந்தால்?

பார்க்கின்சன் நோயில் ஆல்பா சைனியூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் திரண்டு உண்டாகும் கட்டிதான் லூயி பாடி. அதைத் தேடுகிறவர் முன்னால் மூன்று வகை ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு) இருக்கிறது. ஆல்பா சைனியூக்ளின் எந்த நிலையில் இருந்தாலும் பிடிப்பது ஒன்று, அதன் 129-வது இடத்தில் உள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் பிடிப்பது இன்னொன்று, திரண்ட வடிவத்தை மட்டும் பிடிக்கும் என்று சொல்லி விற்பது மூன்றாவது.

முதல் வகையில் சின்-1, எல்பி509 இரண்டும் பழைய ஆட்கள். ஆனால் இந்தப் புரதம் ஆரோக்கியமான நரம்பு முனைகளிலும் நிறைந்து கிடப்பதால் ஸ்லைடு முழுக்கப் பழுப்பேறிவிடும், புரோட்டினேஸ் கே என்ற நொதியைப் போட்டுச் சாதாரணப் புரதத்தைக் கரைத்த பிறகுதான் கட்டிகள் தெளியும். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து மெம்பிரேன் என்ற தாளில் ஒட்டி ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் வேறு தொல்லை: 140 அமினோ அமிலமே உள்ள சின்னப் புரதம், கழுவக் கழுவ மெம்பிரேனை விட்டுப் போய்விடும். பட்டை தெரியவில்லை என்று ஆன்டிபாடியைத் திட்டுவதற்கு முன் மெம்பிரேனை 0.4% பாராஃபார்மால்டிஹைடில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். அப்புறம், எல்பி509 எலியின் புரதத்தைக் கண்டுகொள்ளாது. மனிதத் திசுவுக்கு மட்டும் வாங்குங்கள்.

என் ஓட்டு இரண்டாவது வகைக்கு. லூயி பாடியில் உள்ள சைனியூக்ளினில் 90% அளவுக்கு இந்த பாஸ்பேட் இருக்கிறது, சாதாரண மூளையில் 4% போலத்தான். அதனால் பின்னணிச் சாயம் குறைவு. இங்கேதான் 81ஏ-வுக்கும் இபி1536ஒய்-க்கும் போட்டி. 81ஏ சுண்டெலியில் செய்தது, சுண்டெலி மூளையில் போட்டால், அதன் மேல் ஒட்டிச் சாயம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி அந்த எலியின் சொந்த ஆன்டிபாடியையும் சேர்த்துப் பிடிக்கும். அதையாவது சமாளிக்கலாம். பாஸ்பேட் ஏறிய நியூரோஃபிலமென்ட் என்ற நரம்பிழைச் சட்டகப் புரதத்தையும் இது பிடிக்கும் என்று 2014-இல் காட்டிவிட்டார்கள். திரண்ட சைனியூக்ளினை விதை போல மூளைக்குள் செலுத்தி நோய் எங்கே பரவியது என்று பார்க்கும் சோதனையில் இது வெறும் குறையல்ல, முடிவையே கவிழ்த்துவிடும். முயலில் செய்த இபி1536ஒய் இந்த வம்புக்குப் போவதில்லை. ஆனாலும் புரதத்தின் வால் முனை வெட்டுப்பட்ட துண்டுகளை அதுவும் காணாது. 129-வது இடமே போன பிறகு எதைப் பிடிக்கும்?

மூன்றாவது வகையைப் பற்றி விளம்பரம்தான் அதிகம். 2020-இல் சுவிட்சர்லாந்தில் லஷுவல் குழு இந்த ரகத்தில் 16 ஆன்டிபாடிகளைச் சோதித்தது. ஒலிகோமரை (சில மூலக்கூறுகள் சேர்ந்த சிறு திரள்) மட்டும், அல்லது ஃபைப்ரிலை (நீண்ட இழை) மட்டும் பிடித்தது ஒன்றுகூட இல்லை. இந்த ரகத்து எம்ஜேஎஃப்ஆர்-14-ஐத் திரண்டது இருக்கிறதா என்று பார்க்க எடுத்துக்கொள்ளலாம், அதை வைத்து "ஒலிகோமர் கண்டோம்" என்று எழுதாதீர்கள்.

எதை வாங்கினாலும் சைனியூக்ளின் இல்லாத எலியின் திசு பக்கத்தில் இருக்கட்டும், அதிலும் சாயம் ஏறினால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. சி57பிஎல்/6ஜேஓலாஎச்எஸ்டி என்ற எலி வகையில் அந்த ஜீன் தானாகவே விடுபட்டுப் போயிருக்கிறது, தெரியாமல் அதைச் சாதாரண எலியாக வைத்து வேலை பார்த்தவர்களும் உண்டு!

சரி, நோயறிதலில்? கழுத்து, தொடை, கணுக்கால் பக்கம் தோலில் 3 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, நரம்பிழையில் பாஸ்பேட் சைனியூக்ளின் தேடும் சோதனை ஆன்டிபாடியை நம்பியிருக்கிறது. 2024-இல் வந்த ஆய்வில் பார்க்கின்சன் உள்ளவர்களில் 92.7% பேருக்கும், நோயில்லாதவர்களில் 3.3% பேருக்கும் பாசிட்டிவ். முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் திரண்ட சைனியூக்ளின் விதையைப் பெருக்கும் சோதனைக்கு ஆன்டிபாடியே வேண்டாம், திரளில் ஒட்டும் தயோஃப்ளேவின் சாயம் ஒளிர்வதைப் பார்த்தால் போதும். அது 2023 ஆய்வில் 87.7% பேரைப் பிடித்தது, ஆனால் எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் உள்ள நோயாளிகளில் 67.5%தான். ஊசிக்குப் பயப்படுகிறவருக்குத் தோல் சோதனை நிம்மதி. ஆனால் பார்க்கின்சனைப் போன்ற இன்னொரு நோயான மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி உள்ளவர்களிலும் அது 98.2% பாசிட்டிவ் காட்டியது, ஆகவே இது பார்க்கின்சனா அதுவா என்று பிரிக்க நரம்பியல் மருத்துவர் இன்னும் நோயாளியை நடக்கவிட்டுத்தான் பார்க்கிறார்.