பாளையங்கோட்டைல நர்ஸ்களுக்கு மெஷின் ட்ரெய்னிங்: 3,500 ரூவாக்கு போலாமா?

தங்கச்சிக்கு தொணையா போன எடத்துல நானும் காசு கெட்டி சேந்துட்டேன். அவ பிஎஸ்சி நர்சிங் மூணாவது வருஷம், நான் அம்பாசமுத்திரம் பக்கம் சின்ன ஆஸ்பத்திரில எட்டு வருஷமா டூட்டி பாக்கேன். நாலு ஞாயித்துக்கெழமை கிளாஸ்.

2021-ல நர்சிங் கவுன்சில் சிலபஸ மாத்துனப்போ இன்ஃபர்மேட்டிக்ஸ்னு, அதான் நர்ஸ் வேலைல கம்ப்யூட்டர் பயன்படுத்தது, தனி பேப்பரே வச்சிட்டாவ, இவளும் பாஸாயிட்டா, ஆனா இவ காலேஜ்ல மருந்த அளவா ட்ரிப்ஸ்ல ஏத்துத இன்ஃப்யூஷன் பம்ப் பீரோக்குள்ள பூட்டியே கெடக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குதான் சாவி வெளிய வரும்.

இங்க அப்படி இல்ல. சொல்லிக் குடுக்க அக்கா ஐசியூல இருந்து ரிட்டையர் ஆனவ. பம்ப ஓட விட்டுட்டு நாங்க பாக்காதப்போ ட்யூப தலையணைக்கு அடியில மடிச்சு வச்சிட்டாவ. கீ கீன்னு அலாரம், ஸ்கிரீன்ல ஒக்லூஷன், அதாவது லைன்ல அடைப்பு. என் கை தானா சைலன்ஸ் பட்டனுக்கு போயிட்டு, எட்டு வருஷப் பழக்கம்லா. "ஏட்டி, மெஷின் வாயப் பொத்தினா அடைப்பு போயிருமா? மொதல்ல கையப் பாரு, க்ளாம்பப் பாரு"ன்னு சின்னப் பிள்ளேள் முன்னாடி வச்சே கேட்டாவ, மானம் போச்சு. மடிப்ப சட்டுனு நிமித்தவும் விடல, உள்ள தேங்கி நிக்க மருந்து மொத்தமா ஏறிரும், பிபிய ஏத்துத நார்அட்ரினலின் மருந்து ஓடுத லைன்னா பிபி எகிறிரும், அதனால லைன்ல உள்ள அழுத்தத்த மொதல்ல வெளிய விடணும்னாவ. இத எனக்கு இத்தன வருஷத்துல ஒருத்தரும் சொன்னதில்ல.

மூணாவது வாரம் நெசமாவே கரண்ட் போச்சு, பாட்டரி செத்த பம்ப் ஒண்ணு அப்படியே நின்னுட்டு. அக்கா விடுவாவளா, 500 மில்லி 4 மணி நேரத்துல போணும், 20 சொட்டு செட் (ஒரு மில்லிக்கு 20 சொட்டு), கணக்கு போடுங்கன்னாவ. நிமிஷத்துக்கு 42 சொட்டு. சொட்ட எண்ணிப் பாக்க வாட்ச் கெட்டிட்டு வந்தது நாலே பேரு.

கம்ப்யூட்டர் கிளாஸ்தான் வேஸ்ட். இருவது பேருக்கு ரெண்டு சிஸ்டம், ஆபா நம்பர் (கவர்மெண்ட் ஹெல்த் ஐடி) 14 இலக்கம்னு ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டுனாவ, அது எங்க ஆஸ்பத்திரி ஓபி சீட்டு போடுத பையனுக்கே தெரியும். வென்டிலேட்டர் உண்டுன்னு நோட்டீஸ்ல போட்டுருந்தாவ, காட்டுனது வீடியோ. கேட்டதுக்கு அடுத்த பேட்ச்க்கு வந்துரும்னாவ.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். காசு கெட்டுததுக்கு முன்னாடி வென்டிலேட்டர் வந்துட்டான்னு நேர்ல போயி பாத்துக்கிடுங்க, போன்ல கேட்டா வந்துட்டுன்னுதான் சொல்லுவாவ.