வண்டியை நிறுத்துவதா, டிக்கெட்டை மட்டும் நிறுத்துவதா?

சம்பளத்திலும் வேலையிலும் கை வைத்தால் பஸ் தொழிலாளர்கள் என்ன செய்வது? 2018-லேயே இரண்டு வழியும் பார்த்தாயிற்று.

அழுத்தம்: தமிழ்நாட்டில் அரசு பஸ் தொழிலாளர்கள் 2.57 ஊதியக் காரணி (பழைய அடிப்படைச் சம்பளத்தைப் பெருக்கிப் புதிய சம்பளம் போடும் எண்) கேட்டார்கள், அரசு 2.44-இல் நின்றது, ஜனவரியில் ஒரு வாரம் ஏராளமான வண்டிகள் ஓடவில்லை. ஜப்பானின் ஒகயாமாவில், போட்டிக் கம்பெனியின் மலிவுக் கட்டணத்தால் வேலை போகுமோ என்று பயந்த டிரைவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டே கட்டணப் பெட்டியைத் துணியால் மூடினார்கள். டீசல் செலவு முதலாளிக்கு, வசூல் பூஜ்யம்!

மக்கள்: பொங்கல் நெருக்கத்தில் பஸ் நின்றால் திட்டு யாருக்கு விழும், சொல்லவே வேண்டாம். இலவசப் பயணம் என்றால் யார் திட்டுவார்கள்?

ஆபத்து: ஸ்டிரைக்கில் சம்பளம் போகும், நீதிமன்றமும் தலையிடும். ஆனால் இங்கே டிக்கெட் கிழிக்காத கண்டக்டர் செக்கிங்கில் தனியாக மாட்டுவார்.

அதனால் டிரைவர் மட்டுமே இருக்கும் தனியார் பஸ்ஸுக்கு ஒகயாமா வழி சரி. நம்ம அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு, முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்த ஸ்டிரைக்தான்.