பழைய கோடாலிக்குப் புதுப் பிடி: சில கோடைகள் கழித்து

2021 சித்திரையில் பிடி மாற்றிய பழைய கோடாலி இது. விறகு பிளக்கவும் வேலியோரச் சீமைக்கருவேலை வெட்டவும் இன்றுவரை இதைத்தான் எடுக்கிறேன். அப்போதே எழுதியிருக்கலாம். ஆனால் பிடி போட்ட வாரத்தில் எல்லாக் கோடாலியும் நல்ல கோடாலிதான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வெயிலில் நாலைந்து கோடை கழிந்தபிறகுதான் அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

தலை தாத்தா காலத்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். மேலெல்லாம் துரு, பின்புறம் சம்மட்டி அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தது, துளைக்குள் முறிந்த பிடியின் மிச்சம். இதை அடுப்பில் போட்டு எரித்து எடுப்பதுதான் ஊர் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொல்லர் தோய்ச்சல் கொடுத்து, அதாவது பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, வாய்க்கு (வெட்டும் விளிம்புக்கு) ஏற்றிய கடினம், இரும்பு நீலம் பூக்கும் 300 டிகிரிச் சூட்டிலேயே இறங்க ஆரம்பித்துவிடும். நெருப்பில் அதைத் தாண்ட அதிக நேரம் வேண்டாம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் வாய் மடங்கும். மரத்தில் நாலைந்து துளை போட்டுவிட்டு, கீழிருந்து மேலாக இரும்புக் கம்பியால் தட்டினால் கழன்று வந்துவிடுகிறது.

துருவுக்குப் பெரிய செலவு இல்லை. மளிகைக் கடை வினிகரில் ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தேன். ஆப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லையென்றால் கண் எதிரிலேயே செம்மை ஏறும். வினிகரில் இன்னொரு லாபம்: வாய்ப்பகுதி கருத்து, உடல் வெளுத்து, நடுவில் ஒரு கோடு தெரிந்தது. உடல் பச்சை இரும்பு (கடினம் ஏறாத மெது இரும்பு), வாயில் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்த பழைய வேலை. எஃகு இன்னும் இரண்டு விரல் அகலம் மிச்சமிருந்தது. அந்தக் கோடுவரை வாய் தேய்ந்துபோயிருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

விரிசல் பார்க்க மண்ணெண்ணெய் போதும். தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகக் காட்டிக்கொடுக்கும். துளையைச் சுற்றி அப்படி வந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். பின்புறம் விரிந்த விளிம்பை அராவி எடுப்பதையும் விட்டுவிடக் கூடாது. அது தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

வாயைத் தீட்டியது முழுக்க அரத்திலும் சாணைக்கல்லிலும்தான். கிரைண்டரில் ஐந்து நிமிட வேலை என்பது உண்மை. அந்த ஐந்து நிமிடத்தில் மெல்லிய வாய் நீலம் பூத்துவிடும் என்பதும் உண்மை. இரண்டு பக்கமும் சேர்த்து 30 டிகிரி அளவில் விட்டேன். காய்ந்த சீமைக்கருவேலுக்கு அதற்கும் மெல்லிய வாய் தாங்காது. வீடியோக்களில் கோடாலியைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்குகிறார்கள். பார்க்க அழகுதான், விறகுக்கு அது தெரியாது. துருக் குழிகளை நான் அப்படியே விட்டுவிட்டேன்.

பிடிதான் உண்மையான வேலை. கண்மாய் மரங்களை ஏலம் எடுத்தவரிடம் நாட்டுக்கருவேலத் துண்டு ஒன்று வாங்கினேன். வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தான் ஆகும். வெளியில் இருக்கும் வெள்ளையைச் சேர்த்துச் செதுக்கினால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். துண்டை ரம்பத்தில் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தேன். பிளந்தால் மரத்தின் ரேகை போகிற வழியிலேயே பிரியும், பிடியும் தலையிலிருந்து அடிவரை ஒரே ரேகையில் அமையும். அறுத்த பலகையில் ரேகை குறுக்கே ஓடி வெளியேறும். பிடி முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அதன்பிறகு பொறுமை. வெட்டுமுகம் இரண்டிலும் சாணி மெழுகி, நிழலில் ஒரு வருடத்துக்கு மேல் காயவிட்டேன். அவ்வப்போது தராசில் வைத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபிறகுதான் செதுக்கவே தொடங்கினேன். இத்தனை காலம் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: கோடாலி ஆடுவதும் ஆடாததும் பிடி போடும் நாளில் மரத்தில் எவ்வளவு ஈரம் இருந்தது என்பதில் இருக்கிறது. மரம் நீளவாட்டில் சுருங்குவது அற்பம், குறுக்குவாட்டில்தான் சுருங்கும். ஐப்பசி மழையில் இறுக்கமாக உட்கார்ந்த பிடி பங்குனியில் இளகுவது அதனால்தான். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கிக் கிடக்கும் மரத்தை அடித்து ஏற்றினால், அதற்குமேல் அது சுருங்க வழியில்லை. மழைக்காலத்தில் உப்பி இன்னும் இறுகும்.

ஆடுகிற கோடாலியை ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. காலையில் கல் மாதிரி இருக்கும். ஆனால் இரும்புக்குள் உப்ப இடமில்லாமல் மரத்தின் நார் நசுங்குகிறது. காய்ந்ததும் முன்பைவிட அதிகம் இளகும். காலையில் கல் மாதிரி இருந்த தலை பிறகு கழன்று பறப்பது அப்படித்தான்.

பொருத்தும்போது துளையின் உள்ளே அடுப்புக்கரி தடவி, பிடியை நுழைத்து எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் சீவினேன். சலிப்பான வேலை, குறுக்குவழி கிடையாது. கடைசியில் கோடாலியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்து, பிடியின் அடிப்பகுதியைக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, பிடி அதற்குள் ஏறும். தரையில் குத்துவதைவிட இது பல மடங்கு சுத்தமான முறை. நுனியில் துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு முன்பே பிளவு அறுத்திருந்தேன். அதில் நன்றாகக் காய்ந்த புளிய மர ஆப்பு, எண்ணெய் படாமல். எண்ணெய் பட்ட ஆப்பு வழுக்கி மேலே எழும். நுனியைக் கால் அங்குலம் வெளியே நீட்டி விட்டிருக்கிறேன். விரிந்த அந்த நுனி தலையைக் கழல விடாது.

பிடிக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. வியர்வைக் கையில் வார்னிஷ் ஒட்டி இழுத்துக் கொப்புளம் போடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயைத்தான் வருடா வருடம் தேய்க்கிறேன். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பு போகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். ஆளி எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

இனி இத்தனை நாள் நிலவரம். தலை இதுவரை ஆடவில்லை. இரண்டாம் கோடையில் ஆப்பு ஒரு நூல் மேலே வந்தது, தட்டி இறக்கியபிறகு அசையவில்லை. தலைக்குக் கீழே, குறி தப்பி விறகில் மோதும் இடத்தில் பிடி நசுங்கத் தொடங்கியதால் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். வாய் ஒரு பொழுது வேலைக்குத் தாங்கும். வேரோரம் மண்ணில் பட்டால் அன்றே பல் விழும், அதற்குக் கோடாலி பொறுப்பில்லை. கருவேலம் கனம்தான், நாள் முழுக்க வீசினால் தோள் சொல்லும்.

பக்கத்துத் தோட்டத்தில் இரும்புக் குழாயைப் பற்றவைத்த கோடாலி இருக்கிறது. ஆடவே ஆடாது. ஆனால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கை வரை ஏறுகிறது. அரைமணி நேரத்துக்குமேல் என்னால் முடியவில்லை. சந்தையில் விற்கும் ஆயத்தப் பிடிகளில் நல்லதும் உண்டு. ரேகை பார்த்துப் பொறுக்கி, வீட்டில் ஒரு கோடை காயவைத்துப் போட்டால் தாராளமாகப் போதும். அவசரத்துக்கு விறகு வேண்டியவர் புதுக் கோடாலியே வாங்கிக்கொள்ளலாம். எனக்குப் புதியதன் விலையில் பாதிகூட ஆகவில்லை, காலத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

மாதம் ஒருமுறை ஆப்பு விளிம்பை மட்டும் பாருங்கள். நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் வெயில் காலம் வரும்வரை கோடாலியைத் தொடாமல் வைத்திருந்து, பழைய ஆப்பைத் துளைத்து எடுத்துவிட்டுக் கொஞ்சம் தடிமனானதை அடியுங்கள்.